தீவுக்குப் போன எங்கள் தவளை

அந்தமானில் ஐந்து மணிக்கே இருட்டிவிடுகிறது. இங்கே சிவகாசியில் அந்நேரம் வெயில் இன்னும் மொட்டைமாடிகளை விட்டு இறங்கியிருக்காது. என் தங்கச்சி என்னைக் கூப்பிடுவது அந்த ஐந்து மணிக்குத்தான். அவள் இருட்டுக்குள்ளிருந்து பேசுவாள். நான் வேலை பார்க்கும் காலண்டர் அச்சகத்தின் வாசலில் கண் கூசக் கூச நின்று கேட்பேன். இருவருக்கும் ஒரே கடிகாரம்தான். ஆனாலும் அவள் குரல் எனக்கு இன்னும் வந்து சேராத ஓர் இரவிலிருந்து வருவதுபோல இருக்கும். அதனாலேயே நின்ற இடத்தில் என்னால் நிற்க முடியாது. பேசிக்கொண்டே தெருமுனைக்கும் வாசலுக்குமாக நடப்பேன்.

அவள் அங்கே போனது மருந்து அறைக்குத் திரும்பக் கூடாது என்பதற்காக. வெடிக்குள் போகிற கலவையை இங்கே மருந்து என்கிறோம். நாரணாபுரம் பக்கம் ஒரு கம்பெனியில் பதினோரு வருஷம் அவள் காகிதக் குழாய்களில் மருந்து அடைத்தாள். கை அப்படி ஒரு வேகம். ஒரு பிற்பகலில் பக்கத்து அறை போய்விட்டது. அறை போனது என்றுதான் முதலில் சொல்வோம். யார் யார் போனார்கள் என்பது பிறகு ஒவ்வொன்றாக வரும். தங்கச்சிக்கு வலது காது மட்டும் போயிற்று. அவளுடைய வீட்டுக்காரர் காரியாபட்டிப் பக்கத்துக்காரர். அவர் சித்தப்பா குடும்பம் அந்தமானில் ஒரு சின்னத் தீவில் பாக்குத் தோட்டம் போட்டுக்கொண்டு வெகுகாலமாக இருந்தது. காது ஆறுவதற்குள் புருஷனும் பெண்டாட்டியும் கப்பல் ஏறிவிட்டார்கள்.

“பிச்சை எடுத்தாலும் எடுப்பேன் யக்கா. இனி மருந்தத் தொட மாட்டேன்.”

அவள் பிச்சை எடுக்கவில்லை. தோட்டத்தின் தாழ்ந்த மூலையில் ஒரு குளம் வெட்டினார்கள். மீன் குஞ்சுகளை வாங்கி விட்டு, விரல் நீளத்துக்கு வளர்த்து, மற்ற குளத்துக்காரர்களுக்கு விற்றார்கள். கரையில் கோழி வளர்த்தாள். ஒவ்வொரு குஞ்சின் காலிலும் சிவப்பு நூல் கட்டிவிடுவாள், அடுத்த வீட்டுக் கோழிகளோடு கலந்துபோகாமல் இருக்க. அந்தக் குளமும் அந்தக் கோழிகளும் இருக்கும்வரை அவள் இங்கே வர வேண்டியதில்லை. இரண்டில் ஒன்று போனால்கூட வர வேண்டியிருக்கும். இது எங்கள் இருவருக்கும் தெரியும், பேசிக்கொண்டதில்லை.

மூன்று வருஷத்துக்கு முன், வைகாசி மாதம். அங்கே மழை தொடங்கிவிட்டிருந்தது. இங்கே தார்ச்சாலை உருகிக் கிடந்தது.

“யக்கா, இதக் கேளு” என்று போனைக் குளத்துப் பக்கம் நீட்டினாள்.

கேட்டேன். அடித்தொண்டையிலிருந்து உருண்டு வந்து, மேலே ஏறி, சட்டென்று அறுந்துபோகிற குரல். ஒன்று அறுத்த இடத்தில் இன்னொன்று பிடித்துக்கொண்டது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

“நம்ம தவக்களைல்லா இது!”

“அதேதான். இம்புட்டு வருசத்துல இங்கன இந்தச் சத்தத்தக் கேட்டதே இல்ல. இங்க உள்ளது சின்னச் சின்னது, மரத்துல ஒட்டிக்கிட்டுக் கீச்சுக் கீச்சுன்னு கத்தும். இது பெருசு யக்கா, ரெண்டு கை கொள்ளாது. ஆணு மஞ்சக் குளிச்ச மாதிரி இருக்கு. தொண்டைல ரெண்டு பக்கமும் நீலமா ஊதுது. பக்கத்துத் தோட்டத்துக்காரி அருவாளோட வந்து நிக்கா, அடிச்சிப் போடணும்ங்கா. என்ன செய்யட்டும்?”

நான் யோசிக்கவே இல்லை.

“அடிக்காத. பாவம், நம்ம ஊருச் சீவன். இருந்துட்டுப் போகட்டும்.”

இதை ஏன் சொன்னேன் என்பது வெடி வேலை பார்த்தவர்களுக்குத்தான் விளங்கும். அச்சகத்துக்குப் போகுமுன் நானும் நாலு வருஷம் அதே கம்பெனியில் இருந்தேன். எனக்கு மருந்து அறை இல்லை, காயப்போடும் தளம். சிமெண்டுத் தளத்தில் காலையில் சரக்கைப் பரப்புவோம், வெயில் சாய்வதற்குள் அள்ளுவோம். மருந்தில் ஈரம் பட்டால் உள்ளுக்குள் சூடேறும். எப்போது பற்றும் என்று யாருக்கும் தெரியாது. வெடிக்காரர்களுக்கு நெருப்புக்கு அடுத்த பயம் மழைதான். ஒவ்வொரு அறையின் பக்கத்திலும் ஆபத்துக்கென்று ஒரு தண்ணீர்த் தொட்டி உண்டு. அதில் எப்படியோ ஒரு தவளை வந்து குடியிருக்கும். ஆவணி, புரட்டாசியில் வானம் வெறிச்சென்று இருக்கும்போதே அது ஒரு குரல் கொடுக்கும். உடனே போர்மேன் கத்துவார்: “ஏய் அள்ளுங்க, அள்ளுங்க!” முப்பது பெண்கள் ஓடுவோம். கடைசித் தட்டு உள்ளே போகும்போது முதல் துளி விழும். வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுவார்கள்: தீப்பெட்டி கொண்டுவராதே, நைலான் சேலை கட்டாதே, தொட்டித் தவளையைத் தொடாதே. தொட்டியைக் கழுவும்போதுகூட அதை ஒரு வாளியில் ஏந்தி வைத்துவிட்டுத்தான் கழுவுவோம்.

அந்தப் பழக்கம் கடல் தாண்டிப் போய் என் வாயிலிருந்து பேசியது.

தங்கச்சி அதற்கு மேலும் ஒரு படி போனாள். குளத்தோரம் தென்னை ஓலை வெட்டிப் போட்டு நிழல் செய்து கொடுத்தாள். அரிவாளோடு வந்தவளின் தோட்டத்திலிருந்தும் நாலைந்தை வாளியில் ஏந்திக்கொண்டு வந்து விட்டாள். “அங்க இருந்தா வெட்டிப்புடுவா யக்கா” என்றாள். அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது. ஒரு காதோடு தீவுக்குப் போனவளுக்கு அந்தக் காதுக்குள் ஊர் வந்து உட்கார்ந்துவிட்டதாக நானும் சந்தோஷப்பட்டேன். அன்று மாலை அச்சகத்திலிருந்து நடந்தே வீட்டுக்குப் போனேன். தீவில் எங்கள் தவளை, எங்கள் தவளை என்று ஒவ்வோர் அடிக்கும் மனசு தாளம் போட்டது. இப்போது அந்த நடையை நினைத்தால் கால் கூசுகிறது.

அடுத்த மழையில் குளம் கறுத்தது. தண்ணீரா தலைப்பிரட்டையா என்று தெரியாத அளவுக்கு, அவ்வளவு. தங்கச்சி ஒரு தகர டப்பாவில் கொஞ்சம் அள்ளிப் பார்த்திருக்கிறாள். மறுநாள் காலையில் அதில் பாதிதான் இருந்தது. அதற்கு மறுநாள் மூன்று. மூன்றும் வயிறு புடைத்துக் கிடந்தன.

“ஒண்ண ஒண்ணு திங்குது யக்கா. மீன் குஞ்சையும் திங்குது. ஒரு குஞ்சு வாலாட்டிக்கிட்டு இருக்கும்போதே திங்குது.”

பிறகு ஒருநாள் பேச்சின் நடுவே போனை மரத்துப் பக்கம் நீட்டினாள். வெறும் இரைச்சல் மட்டும் கேட்டது.

“என்னடி?”

“மரத்துல கீச்சுக் கீச்சுன்னு கத்தும்ல, அது கத்தல. ஒரு வாரமாக் கத்தல. நம்மாளுக மட்டுந்தான் கத்துறாக.”

நம்மாளுக என்றுதான் சொன்னாள்.

கோழிக்குஞ்சுகள் காணாமல் போகத் தொடங்கின. முதலில் பாம்பு என்றார்கள். பிறகு காக்காய் என்றார்கள். ஒரு காலையில் தங்கச்சி வீட்டுக்காரர் எனக்கு நேராகவே போன் செய்தார். அவர் அதிகம் பேசுகிற ஆள் இல்லை.

“மதினி, நான் ஒண்ணு சொல்றேன். அவகிட்ட நான் சொல்லல, நீங்களே பக்குவமாச் சொல்லுங்க. கரையில ஒரு தவக்களை உக்காந்திருக்கு. வாய மூட முடியாம உக்காந்திருக்கு. வாய்க்கு வெளிய ஒரு கால் நீட்டிக்கிட்டிருக்கு. கால்ல செவப்பு நூலு.”

“அடிச்சீகளா தம்பி?”

“அடிச்சேன். ஒண்ண அடிச்சேன்.”

மீதி எத்தனை என்று அவர் சொல்லவில்லை. நானும் தங்கச்சியிடம் பக்குவமாகச் சொல்வதற்கு வார்த்தை தேடி மூன்று நாள் அலைந்தேன். அவளே நாலாம் நாள் கண்டுபிடித்துவிட்டாள். அந்த வருஷக் கோழிகளில் பாதி போயிருந்தது. மீன்துறையிலிருந்து யாரோ வந்து பார்த்துவிட்டு, மெயின்லேண்டிலிருந்து மீன் குஞ்சு கொண்டுவந்த தண்ணீரில் கலந்து வந்திருக்கும், இங்கே இதைத் தின்ன ஆள் இல்லை, அதனால்தான் இப்படி என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

தங்கச்சி அன்று என்னை விட்டுவைக்கவில்லை.

“எங்கக்கா படிச்சவ, காலண்டர்ல நல்ல நேரம் கெட்ட நேரம் பாத்து அச்சுப் போடுறவ, அவ சொன்னாச் சரியாத்தான் இருக்கும்னு விட்டேன். அந்த அருவாக்காரி படிக்காதவ. அவ சொன்னதக் கேட்டுருக்கலாம்.”

“சரி, என்னய வஞ்சுக்கோ.”

“வையாம? ஒன்னய மாலை போட்டுக் கூப்பிடவா?”

வைது முடித்ததும், “சாப்பிட்டியா?” என்றாள்.

தவளையைக் கொல்வது எப்படி என்று யாரைக் கேட்பது? அச்சகத்தில் கேட்டேன், சிரித்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய கம்பெனிக்கே போனேன். போர்மேன் கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“வாத்தா. என்ன, அச்சாபீஸ்ல இருந்து இம்புட்டுத் தூரம்?”

“ஒரு வெவரம் கேக்கணும்ணே. தவக்களைய எப்பிடிண்ணே கொல்றது?”

டீயை வாய்க்குக் கொண்டுபோனவர் நிறுத்திவிட்டார்.

“ஏத்தா, வெயில் மண்டைக்குள்ள ஏறிருச்சா? காயப்போடுற தளத்துல நின்னவ கேக்குற கேள்வியா இது?”

விஷயத்தைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில், “அம்புட்டா?” என்றார். “நமக்கு இங்கன தொட்டிக்கு ஒண்ணு தேறல. போன வருசம் மழையே சொல்லாம வந்துச்சு, ஒரு லோடு நனைஞ்சு போச்சு. அங்க புழுத்துக் கெடக்குதாக்கும்.” பிறகு டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் தொழில் பேச்சுக்கு வந்தார். “சுட்ட சுண்ணாம்பு கொட்டச் சொல்லு. தண்ணி ஊத்தி நீத்தாதது. மூட்டையோட கொட்டணும். தண்ணி கொதிச்சிரும். ஒண்ணும் மிஞ்சாது.”

“மீனு?”

“ஒண்ணும் மிஞ்சாதுன்னேன்ல.”

நான் கிளம்பினேன். பின்னாலிருந்து அவர் குரல் வந்தது.

“ஒந்தங்கச்சி கை மாதிரி ஒரு கை எனக்கு இன்னும் வரலத்தா. வந்தான்னாச் சொல்லு. எடம் இருக்கு.”

பிரியமாகத்தான் சொன்னார். அதுதான் பயமாக இருந்தது. கேட் வழியே பார்த்தேன். போன அறையை மறுபடி கட்டி வெள்ளை அடித்திருந்தார்கள். அதற்கு அடுத்தது அவளுடைய அறை. கதவு திறந்து கிடந்தது.

போன வருஷம் ஆனியில் ஒரு வியாபாரி படகில் வந்தார். இரண்டு மணி நேரப் பயணத்தில் இருக்கும் இன்னொரு சின்னத் தீவிலிருந்து. அங்கே புதிதாகப் பத்துப் பதினைந்து குளம் வெட்டியிருக்கிறார்கள், விடுவதற்கு மீன் குஞ்சு வேண்டும். தங்கச்சி குளத்தில் மிஞ்சியிருப்பது எல்லாவற்றையும் மொத்தமாக எடுத்துக்கொள்கிறேன் என்றாராம்.

“வித்துட்டா இந்த வருசம் ஓடிரும் யக்கா. கோழியும் புதுசா வாங்கிப்புடலாம்.”

“பெறகென்ன?”

“குஞ்சோட அதுவும் போகும்ல. அங்க இது இல்லையாம். நான் கேட்டேன், பெரிய தவக்களை இருக்கான்னு. அப்பிடின்னா என்னங்காரு.”

இரண்டு நாள் அவள் குளத்திலேயே கிடந்தாள். தன் பழைய பருத்திச் சேலையை வலையாக்கி அள்ளி, வெள்ளைத் தட்டில் ஊற்றி, மீனை ஒரு பக்கம், தலைப்பிரட்டையை ஒரு பக்கம் எனப் பிரித்துப் பார்த்தாள். பதினோரு வருஷம் மருந்து அடைத்த கை. அந்தக் கைக்கே முடியவில்லை. தலைப்பிரட்டையைப் பிரித்துவிடலாம், முட்டையை என்ன செய்வது? தண்ணீரோடு தண்ணீராக, கண்ணுக்குத் தெரியாத மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தது.

மூன்றாம் நாள் கூப்பிட்டாள். வியாபாரி காத்திருக்கிறார் என்றாள். அங்கே இருட்டு, இங்கே வெயில். என் கண் முன்னால் திறந்து கிடந்த அந்தக் கதவு நின்றது.

“வித்துரு” என்றேன்.

இதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தேன். ஆனால் சொன்னேன். பத்துப் பதினைந்து குளங்களும், அங்கே கீச்சுக் கீச்சென்று கத்துகிற என்னவோவும் எனக்கு ஒரு பொருட்டாக இல்லை. அவள் வரக் கூடாது, அவ்வளவுதான்.

அவள் போனை வைத்தாள்.

மறுநாள் அவள் வீட்டுக்காரர்தான் பேசினார். “மதினி, நீங்க சொன்ன சுண்ணாம்பக் கொட்டிட்டா. நாலு மூட்டை. எங்கிட்டக் கேக்கல. நான் தோட்டத்துல இருந்து வாறேன், கொளம் புகையுது. மீனெல்லாம் வெள்ள வெள்ளையா மெதக்குது. இவ கரையில உக்காந்து பாத்துக்கிட்டு இருக்கா.”

“தவக்களை?”

“அதுவும் மெதக்குது. கரையேறினது தோட்டத்துக்குள்ள போயிருச்சு.”

வியாபாரி வெறுங்கையோடு போகவில்லை. தீவின் தெற்கே, அதே தவளை பரவியிருந்த குளத்துக்காரர் ஒருவர் சலிக்காமல், பிரிக்காமல், பிளாஸ்டிக் பைகளில் தண்ணீரோடு அடைத்துக் கொடுத்துவிட்டார். தங்கச்சி படகுத்துறைவரை ஓடிப்போய், வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள். பொறாமையில் பேசுகிறாள் என்று சிரித்தார்களாம்.

ஒரு வருஷம் எப்படியோ ஓட்டிப் பார்த்துவிட்டு, இந்த ஆடி முடிய அவள் வந்து சேர்ந்தாள். வீட்டுக்காரர் பாக்குத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டார். தீபாவளி சீசன் வரைக்கும்தான் என்றாள். நான் அச்சகத்தில் கேட்கிறேன், காலண்டர் தாள் அடுக்குகிற வேலையாவது பார்க்கலாம் என்றேன். அந்த வேலையில் புதுக்குளம் வெட்ட எத்தனை வருஷம் ஆகும் என்று திருப்பிக் கேட்டாள். போர்மேனிடம் அவளே போய் நின்றாள்.

முதல் நாள் நானும் லீவு போட்டுவிட்டு வேனில் கூடப் போனேன். கேட்டில் சோதிக்கிற அம்மா அவள் கொலுசைக் கழற்றச் சொன்னார், சேலையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றச் சொன்னார், போனை வாங்கி என் கையில் கொடுத்தார். “நீங்க எங்க இருந்து வாறீக தாயி?” என்று தங்கச்சியைக் கேட்டார்.

“அந்தமான்ல இருந்து.”

“அம்மாடி, அம்புட்டுத் தூரத்துல இருந்து இங்கன வேலைக்கா? அங்க வேல இல்லையாக்கும்?”

“இருந்துச்சு” என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. நான் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தேன், எழுந்தேன், ரோட்டோரம் நடந்தேன், மறுபடி வந்து உட்கார்ந்தேன். உள்ளே ஒரு தட்டு விழுந்த சத்தத்துக்கு எழுந்து ஓடி, கேட்டில் கை வைத்துவிட்டு, வெட்கப்பட்டுத் திரும்பினேன். மத்தியானம் அறைகளை எண்ணினேன், பன்னிரண்டு. திரும்பத் திரும்ப எண்ணினேன்.

ஐந்து மணிக்குப் போன் அடித்தது. அவள் வீட்டுக்காரர்.

“வேல விட்டாச்சா மதினி?”

“இன்னும் விடல தம்பி.”

“நல்லாருக்காளா?”

“உள்ள இருக்கா.”

“குஞ்சு வாங்கிட்டுப் போன தீவுல இருந்து ஆளு வந்துட்டுப் போறாரு. அவுக கொளத்துல மஞ்சக் கலர்ல பெருசா நாலஞ்சு பாத்தாகளாம். அழகா இருக்குன்னு பிடிச்சு ஆளுக்கு ஒண்ணா வீட்டுத் தொட்டியில விட்டிருக்காகளாம். நல்லாப் பாடுதுங்காரு.”

ஐந்தரைக்கு வேலை விட்டார்கள். பெண்கள் வரிசையாக வெளியே வந்தார்கள். எல்லார் முகத்திலும் வெள்ளி பூசியதுபோல அலுமினியத் தூள். யார்தான் என் தங்கச்சி என்று ஒரு கணம் தெரியவில்லை. அவள் நடந்து வந்து என் எதிரே நின்றாள். கண்ணும் பல்லும் மட்டும் அவளுடையதாக இருந்தன.

இந்த முறை நான் வார்த்தை தேடவில்லை. அப்படியே சொன்னேன்.

“அவுக கோழி வளக்காகளா?” என்றாள்.

“தெரியலயே.”

“போனக் குடு.”

விரல் பட்ட இடமெல்லாம் போனில் வெள்ளி ஒட்டியது. இடது காதில் வைத்துக்கொண்டாள்.

“ஏங்க, நாந்தான். அந்தத் தீவுக்குப் போங்க... தெரியும், சிரிப்பாக, சிரிக்கட்டும். செவப்பு நூல் காலச் சொல்லுங்க. நம்ம கொளத்தச் சொல்லுங்க. நான் இங்கன மருந்து ரூம்ல இருக்கேன்னு சொல்லுங்க. அப்பயும் கேக்கலன்னா தொட்டி தொட்டியா நீங்களே போயி... என்னது? சரி. படகு காலையிலதான்னா, மொதப் படகுக்குப் போங்க.”

வேன்காரர் ஹாரன் அடித்தார். உள்ளே அவளுக்கு இடம் ஒதுக்கி மற்றப் பெண்கள் நெருங்கி உட்கார்ந்தார்கள். “ஏ அந்தமான்காரி, வா, சீக்கிரம் ஏறு” என்று ஒருத்தி கை நீட்டினாள். தங்கச்சி ஏறிக்கொண்டாள், பின்னால் நானும்.

மறுநாள் காலை ஆறரைக்கு வேன் வந்தது. நான் எழுந்திருக்குமுன்பே அவள் போயிருந்தாள். போனை என் தலைமாட்டில் வைத்துவிட்டு.